கொள்ளைநோய்க் காலத்திற் பொது நூல்நிலையம்

பொது நூல்நிலையம் ஒன்றுக்கு இரு கடமைகள் உள. வேண்டுவோர் அனைவர்க்கும் வேறுபாடின்றி அறிவை வழங்குதல் ஒன்று. தன்னை நாடி வருவோர்க்குத் தீங்கு நேராவண்ணம் காத்தல் மற்றொன்று. வழமையான காலத்தில் இவ்விரண்டும் முரணுவதில்லை. கதவு எத்துணை அகலத் திறந்திருக்கின்றதோ அத்துணைப் பயன் மிகும். ஆயின், மனிதர் ஒருவரையொருவர் அணுகுவதே நோய்க்கு வழியாகிவிடும் கொள்ளைநோய்க் காலத்தில் இவ்விரு கடமைகளும் எதிரெதிரே நிற்கின்றன. முதலாவதை மட்டும் கருதினால் உயிர்க்கு ஊறு. இரண்டாவதை மட்டும் கருதினால் அறிவுப் பஞ்சம். இரண்டனையும் இணக்கிச் செல்லும் நெறி யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிலே ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நூல்நிலையங்கள் கொவிட்-19 நோயின் நடுவே தம் பணியை மீளத் தொடங்கிய வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

மூடியதால் நேர்ந்த இழப்பு

உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயை உலகளாவிய கொள்ளைநோய் எனக் கூறியது 2020 மார்ச் 11ஆம் நாளிலாகும். அதன்பின் ஆறாம் நாள், அதாவது மார்ச் 17இல், அமெரிக்க நூல்நிலையச் சங்கம் நூல்நிலையங்களைப் பொதுமக்களுக்கு மூடிவிடுமாறு பரிந்துரைத்தது. அம்மாத இறுதியிற் பொது நூல்நிலையங்களிடையே நடத்தப்பெற்ற கணிப்பொன்றுக்கு 2,545 நூல்நிலையங்கள் விடையளித்தன; அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தம் கட்டிடங்களை மூடியிருந்தன. இங்கிலாந்திலும் அதே மார்ச் மாதத்தில் நூல்நிலையக் கதவுகள் அடைக்கப்பட்டன. போர்க்காலத்திலும் திறந்திருந்த நூல்நிலையங்கள் பல இந்நோய்க்கு அஞ்சி மூடப்பட்டன எனின் அதன் கடுமை எத்தகையதென்பது விளங்கும்.

இம்மூடலினால் இழப்புற்றோர் யாவர்? வீட்டிலே நூற்பேழை உடையவனும், கடையிலே நூல் வாங்க வல்லவனும், இணைய வசதி படைத்தவனும் சிறிது தொல்லையுற்றனரேயன்றிப் பெரிதும் இழந்தாரல்லர். தொழிலிழந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப நூல்நிலையக் கணினியை நம்பியிருந்தவன், அரசாங்க உதவிப் பணம் பெறப் படிவம் நிரப்ப வேண்டியிருந்த ஏழை, பாடசாலையும் மூடப்பட்டபின் வீட்டிற் படிக்க இடமும் நூலுமற்ற மாணவன், நாள்தோறும் ஒரு முகத்தையேனும் காண நூல்நிலையத்துக்கு வந்துபோன தனித்த முதியவர் ஆகிய இவர்களே உண்மையில் இழந்தவர்கள். பொது நூல்நிலையம் மூடப்படுங்கால் அதன் பாரம் யாவர்மேலும் ஒப்ப விழுவதில்லை. தாங்கும் வலியற்றார்மேலேயே அது மிகுதியாக விழுகின்றது. ஆதலின், நூல்நிலையத்தை மீளத் திறத்தல் என்பது வசதி பற்றிய வினாவன்று. நீதி பற்றிய வினாவுமாகும்.

நூலைக் கண்டஞ்சிய பழைய காலம்

நூலினாலே நோய் பரவும் என்ற அச்சம் 2020இற் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை பரவிய காலத்தில், பலர் கைமாறும் இரவல் நூல் ஐயத்துக்குரிய பொருளாயிற்று. 1895இல் அமெரிக்காவின் ஒமாகா நகர நூல்நிலையப் பணியாளர் ஒருவர் சயரோகத்தால் இறந்தபோது, அந்நோய் அவரை நூல் வாயிலாகவே பற்றியிருக்கலாம் என்ற பேச்சு எழுந்து, நூல்நிலையங்கள் பற்றிய அச்சத்தை நாடெங்கும் வளர்த்தது. இங்கிலாந்திலே 1907இல் இயற்றப்பெற்ற பொதுச் சுகாதாரச் சட்டத் திருத்தம், தொற்றுநோயுடையார் பொது நூல்நிலையத்திலிருந்து நூல் பெறுதலைத் தடைசெய்தது. நோயாளர் வீட்டிலிருந்து வந்த நூல்களுக்குக் காபோலிக்கமில ஆவியும் போமல்டிகைட்டுப் புகையும் ஊட்டப்பட்டன. சில இடங்களில் அவை தீக்கிரையாக்கவும் பட்டன. ஆயினும் நூலினாலே நோய் பெருவாரியாகப் பரவியமைக்குச் சான்று கிடைத்திலது. நாளடைவில் அவ்வச்சம் தானே தணிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? அச்சம் எப்பொழுதும் கண்ணுக்குப் புலனாகும் பொருளையே முதலிற் பற்றிக்கொள்கின்றது. நூல் கையிற் படுகின்றது. அதன் அழுக்குத் தெரிகின்றது. எனவே அதன்மேல் ஐயம் எழுகின்றது. நாம் உயிர்க்கும் காற்றோ கண்ணுக்குத் தெரிவதில்லை. 2020இலும் இதுவே நிகழ்ந்தது.

மேற்பரப்புப் பற்றிய ஆராய்ச்சி

2020 மார்ச் 17இல் வெளிவந்த ஆய்வொன்று கொவிட்-19 வைரசு பல்வேறு பொருள்களின்மேல் எத்துணை நேரம் நிலைத்திருக்கும் என்பதை அளந்து கூறியது. பிளாத்திக்கிலும் துருவேறா உருக்கிலும் 72 மணி நேரம்வரை அது காணப்பட்டது. செம்பிலே 4 மணி நேரத்தின் பின்னும், கடதாசி மட்டையிலே 24 மணி நேரத்தின் பின்னும் உயிர்ப்புள்ள வைரசு காணப்படவில்லை. இவ்வெண்களைக் கண்ட நூல்நிலையத்தார், மட்டைக்கு ஒரு நாளாயின் நூலுக்கு எத்தனை நாள் என வினவலாயினர். தாளும் துணிக்கட்டும் பளபளப்பான உறையும் பிளாத்திக்குப் பேழையும் ஒன்றுபோல நடப்பனவல்ல என்பது வெளிப்படை.

இவ்வினாவுக்கு விடைகாணும் பொருட்டு அமெரிக்காவில் 'றெல்ம்' என்னும் குறும்பெயருடைய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. நூல்நிலையக் கூட்டுறவு நிறுவனமாகிய ஓசிஎல்சியும், அரும்பொருட்சாலை நூல்நிலையச் சேவைகள் நிறுவகமும், ஒகையோ மாநிலத்துக் கொலம்பசு நகரிலுள்ள பற்றெல் ஆய்வு நிறுவனமும் அதில் இணைந்தன. 2020 யூன் மாதத்தில் முதற் பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. துணிக்கட்டுடைய நூலட்டை, மெல்லட்டை, மூடிய நூலின் உட்தாள், பிளாத்திக்கு மேலுறை, ஒளித்தட்டுப் பேழை ஆகிய ஐந்து பொருள்களும் சாதாரண அறை வெப்பநிலையில் ஒன்றன்மேலொன்று அடுக்காது வைக்கப்பட்டபோது, மூன்று நாளின் பின் எதிலும் வைரசு காணப்படவில்லை. 'மூன்று நாள் ஒதுக்கி வைத்தல்' என்னும் விதி பல நாடுகளிலும் நிலைபெற்றமைக்கு இம்முடிவும் ஒரு காரணமாகும். இங்கிலாந்து நூல்நிலையங்களின் வழிகாட்டி நூலும் 72 மணி நேரத்தையே எல்லையாக வகுத்தது.

ஆயின் ஆராய்ச்சி அத்தோடு நின்றிலது. யூலை மாதப் பரிசோதனையில், அடுக்கி வைக்கப்பட்ட சஞ்சிகைத் தாளிலே நான்கு நாளின் பின்னும் சிறிதளவு வைரசு எஞ்சியிருந்தது. செப்தெம்பர் மாதத்திலே, நூல்களையும் பேழைகளையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சோதித்தபோது ஆறு நாளின் பின்னும் வைரசு காணப்பட்டது. பொருள் மாறவில்லை, அடுக்கிய முறையே மாறியது. காற்றுப்படாது நெருங்கிக் கிடந்த பொருளில் வைரசு நெடிது நிலைத்தது என்பதே இதன் கருத்து. இச்செய்தி நூல்நிலையத்தாரைத் திகைக்க வைத்தது. எந்த நூல்நிலையத்திலே திரும்பி வந்த நூல்களைத் தனித்தனியே பரப்பி வைக்க இடமுண்டு?

எண்ணைப் படிக்கும் முறை

ஈண்டு ஒரு நுட்பத்தை மனங்கொள்ளல் வேண்டும். ஒரு பொருளில் வைரசு 'காணப்படுகின்றது' என்பதும், அப்பொருள் மனிதனுக்கு நோயை 'உண்டாக்கும்' என்பதும் வேறு வேறு. ஆய்வுகூடத்திலே செயற்கை உமிழ்நீரிற் கலந்த வைரசு, அளவறிந்து பொருளின்மேல் இடப்படுகின்றது. ஒருவர் நூலைப் புரட்டும்போது தும்மினாலும் அத்துணை வைரசு அதிற் படியுமென்பது உறுதியன்று. படிந்தாலும், அது அடுத்தவர் கைக்கு ஏறி, கையிலிருந்து கண், மூக்கு, வாய் என்பவற்றைச் சேர்ந்து, நோயுண்டாக்கப் போதிய அளவினதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வொவ்வொரு படியிலும் பெரும்பகுதி அழிந்து போகின்றது. றெல்ம் ஆராய்ச்சியாளரும், தம் முடிவு வைரசு நிலைத்திருக்கும் கால அளவைக் கூறுமேயன்றி, எவ்வளவு வைரசு நோய்க்குப் போதுமென்பதைக் கூறாதென்று தெளிவாகவே அறிவித்தனர்.

2020 யூலையில் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் இமானுவல் கோல்ட்மன், பரிசோதனைகளில் இடப்பட்ட வைரசின் அளவு மெய்வாழ்க்கையிற் காணப்படுவதினும் மிகப் பெரிதாதலின், மேற்பரப்புப் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டுள்ளது என எழுதினார். 2021 ஏப்பிரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம், மாசுற்ற மேற்பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய்பற்றும் வாய்ப்புப் பொதுவாகப் பதினாயிரத்தில் ஒன்றினும் குறைவு எனக் கணித்து வெளியிட்டது. அதன்பின் நூல்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம் பெரும்பாலான இடங்களிற் கைவிடப்பட்டது.

அங்ஙனமாயின் முன்னர்ச் செய்த ஒதுக்கம் வீணோ எனச் சிலர் வினவலாம். வீணன்று. தெரியாத பகைவனை எதிர்கொள்ளுங்கால், பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய காவலை மேற்கொள்ளுதல் அறிவுடைமையே. ஆயின், தெரிந்தபின்னும் அக்காவலை விடாது பற்றிக்கொண்டு, உண்மையான வாயிலைக் காவாது விடுதல் அறிவுடைமையாகாது. திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயின்னதென அறிவதோடு நில்லாது அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து பொருந்தச் செய்யவேண்டும் என வற்புறுத்துகின்றார். அந்நெறி வைத்தியனுக்கு மட்டுமன்றி நூல்நிலையத்தானுக்கும் உரியதாகும்.

திரும்பி வந்த நூல்கள்

ஒதுக்கி வைத்தலின் நடைமுறையைச் சிறிது நோக்குவோம். மூன்று நாள் விதியைக் கைக்கொள்ளும் நூல்நிலையத்துக்கு நான்கு வைப்பிடங்கள் வேண்டும். ஒன்று அன்றைய நூல்களை ஏற்கும். ஏனைய மூன்றும் முன்னைய மூன்று நாட்களின் நூல்களைத் தாங்கும். திங்கட்கிழமை வந்த நூல் வியாழக்கிழமை விடுபடும். நாளொன்றுக்கு 300 நூல்கள் திரும்பி வருமாயின் 900 நூல்கள் எப்பொழுதும் காத்திருக்கும். ஆறு நாளாயின் 1,800 நூல்கள். மாதக்கணக்கில் மூடியிருந்து திறக்கும்போது இரவலில் நின்ற நூல்களெல்லாம் ஒரே கிழமையில் வந்து குவியும். ஆதலின், திறக்கும் முன்னரே தவணை நாட்களைப் பகுதி பகுதியாக மாற்றியமைத்தல் வேண்டும். காத்திருக்கும் நாட்களுக்கு வாசகர்மேல் தண்டம் ஏறாதவாறு, நூல் பெட்டியில் விழுந்த நாளையே திருப்பிய நாளாகப் பதிதலும் வேண்டும். இவை சிறியனபோலத் தோன்றினும், இவற்றைத் திட்டமிடாதவிடத்து நூல்நிலையம் முதற்கிழமையிலேயே நிலைகுலைந்துவிடும்.

நூல்களைக் கிருமிநீக்கி கொண்டு துடைத்தல் ஆகாது என்பது பாதுகாப்பு வல்லுநர் கூறிய அறிவுரை. வெளிற்று நீர் தாளை அரிக்கும். அற்ககோல் மையையும் பூச்சையும் கரைக்கும். புறவூதாக் கதிரோ தாளை நலிவிப்பதன்றி மூடிய தாள்களின் இடையே புகுவதுமில்லை. நூலுக்குச் சிறந்த மருந்து காலமே. இதனை அறியாத சிலர் நூலை நுண்ணலை அடுப்பில் வைத்துச் சூடாக்க, நூலில் ஒட்டப்பட்டிருந்த அடையாளத் தகட்டின் உலோகம் பற்றியெரிந்து நூல் கருகியது. 2020 யூன் மாதத்தில் மிச்சிகன் மாநிலத்து நூல்நிலையம் ஒன்று இவ்வாறு கருகிய நூலின் படத்தை வெளியிட்டு வாசகரை எச்சரித்தது. இங்கிலாந்தின் நியூமார்க்கற் நகரிலோ வேறொரு விந்தை நிகழ்ந்தது. மூடியிருந்த நூல்நிலையத்தைத் துப்புரவு செய்தவர், நூல்களையெல்லாம் எடுத்துத் துடைத்துவிட்டு, அவற்றின் உயர அளவுப்படி அழகாக அடுக்கிச் சென்றுவிட்டார்! நல்லெண்ணம் மட்டும் போதாது, பணியின் இயல்பை அறிந்தவர் மேற்பார்வை எங்கும் வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகளாம்.

காற்றே முதன்மை

இனி உண்மையான வாயிலுக்கு வருவோம். 2020 யூலையில் அறிவியலாளர் 239 பேரின் ஆதரவோடு வெளியான கட்டுரையொன்று, இந்நோய் காற்றிலே மிதக்கும் நுண்துளிகளாலும் பரவுகின்றது. அதற்கேற்ற காவலை மேற்கொள்க என உலக சுகாதார நிறுவனத்துக்கும் பிறர்க்கும் அறைகூவிற்று. பேசும்போதும் பாடும்போதும் உயிர்க்கும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகள் நிலத்தில் வீழாது, காற்றோட்டமற்ற அறையிலே புகைபோல நெடுநேரம் நிற்கும். ஆறடி விலகி அமர்ந்தாலும், மூடிய அறையில் இரண்டு மணி நேரம் இருந்து படிப்பவர்க்கு அவ்விலக்கம் முழுக் காவலாகாது. இவ்வுண்மை ஏற்கப்படுவதற்குக் காலம் சென்றது. அதற்குள் எத்தனையோ நூல்நிலையங்கள் மேசைகளைத் துடைப்பதிலே கொண்ட அக்கறையை யன்னல்களைத் திறப்பதிலே கொள்ளாதிருந்தன.

காற்றோட்டத்தை அளக்கும் முறை எளிது. ஓர் அறையின் காற்று முழுவதற்கும் ஈடான புதுக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனைமுறை உட்புகுகின்றது என்பதே கணக்கு. புதுக்காற்றுப் பழங்காற்றோடு கலந்தே அதனை வெளியேற்றுவதால், ஒருமுறை மாறியதும் அறை தூய்மையாகிவிடுவதில்லை. மணிக்கு இரு மாற்றமுள்ள அறையில் மிதக்கும் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நீங்க 138 நிமிடமாகும். ஆறு மாற்றமாயின் 46 நிமிடம். பன்னிரண்டாயின் 23 நிமிடம். 2023 மே மாதத்தில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம், மக்கள் கூடும் அறைகளில் மணிக்கு ஐந்து மாற்றமேனும் இருத்தல் நன்று எனப் பரிந்துரைத்தது. இயற்கைக் காற்றுப் போதாத இடத்தில் நுண்வடியுள்ள காற்றுத் தூய்தாக்கிகளை வைத்து அக்குறையை நிரப்பலாம்.

காற்றோட்டம் போதுமானதா என்பதை ஆசிரியரும் மாணவரும் தாமே அறிய ஒரு வழியுண்டு. நாம் வெளிவிடும் மூச்சிலே காபனீரொட்சைட்டு மிகுதி. வெளிக்காற்றில் அது மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பங்காக இருக்கும். மக்கள் கூடிய அறையிலே அது 800 பங்கினைத் தாண்டாதிருப்பின் காற்றோட்டம் நன்றெனக் கொள்ளலாம். 1,500 பங்கினைத் தாண்டின் அங்குள்ளோர் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் மீளவும் இழுக்கின்றனர் என்பது பொருள். சிறியதொரு கருவி இதனை நொடியிற் காட்டிவிடும். ஆயின் வடிகள் துகளை நீக்குமேயன்றி இவ்வாயுவை நீக்கா. ஆதலின் தூய்தாக்கி இயங்கும் அறையில் இவ்வளவையை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் பிழையாகும்.

இன்னொன்று கூறத்தக்கது. உரக்கப் பேசுவோரிடமிருந்து வெளிப்படும் நுண்துளிகள், வாளாவிருப்போரிடமிருந்து வெளிப்படுவனவற்றினும் பன்மடங்கு மிகுதி. எனவே, 'அமைதி காக்க' என நூல்நிலையச் சுவரில் நெடுங்காலமாகத் தொங்கிய பலகை, கொள்ளைநோய்க் காலத்திலே சுகாதார விதியாகவும் ஆயிற்று. மௌனமாகப் படிக்கும் கூடம் உணவுச்சாலையினும் பாட்டரங்கினும் பாதுகாப்பானது. மாறாகச் சிறுவர் கூடிப் பாடும் கதைநேரம் வாசிப்பறையினும் இடர் மிக்கது. அதனைப் புற்றரையிலே மரநிழலில் நடத்துதலே தக்கது. ஒரே கட்டிடத்துள் நடக்கும் பணிகள் யாவற்றையும் ஒரே விதியால் ஆளலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

படிப்படியாகத் திறத்தல்

பணியை மீட்டல் ஒருநாட் செயலன்று, படிமுறையான செயல். நூல்நிலையங்கள் பெரும்பாலும் ஐந்து படிகளை வகுத்துக்கொண்டன. முதற்படியிலே கட்டிடம் மூடியிருக்கும். மின்னூல், தொலைபேசி விசாரணை ஆகியன நடைபெறும். கட்டிடத்தின் கம்பியில்லா இணையத்தை நிறுத்தாது விட்டமையால், வெளியே வாகனத்தில் இருந்தவாறே மாணவர் பாடம் படித்த இடங்களும் உண்டு. இரண்டாம் படியில், வாசகர் முன்கூட்டிக் கேட்ட நூல் பொதிசெய்து வாயிலில் வழங்கப்படும். மூன்றாம் படியிலே, வரையறுத்த தொகையினர் குறுகிய நேரம் உட்சென்று நூல் தெரியலாம். நான்காம் படியிலே, நேரம் குறித்துக் கணினிகளைப் பயன்படுத்தலாம். ஐந்தாவது, வாசிப்பறையும் கூட்டங்களும் முழுமையாகத் திறத்தல். நியூ யோர்க் பொது நூல்நிலையம் 2020 யூலை 13ஆம் நாள், முதற்கண் எட்டு நிலையங்களில் மட்டும், வாயிலில் நூல் பெற்றுச்செல்லும் முறையைத் தொடங்கிற்று. இங்கிலாந்திலே யூலை 4 முதல் நூல்நிலையங்கள் திறக்க இசைவளிக்கப்பட்டது.

இப்படிகளில் ஏறுதல் மட்டுமன்றி இறங்குதலும் உண்டு என்பதை மறத்தலாகாது. 2021 சனவரியில் இங்கிலாந்து மீண்டும் முடக்கப்பட்டபோது, நூல்நிலையங்கள் கேட்டுப் பெற்றுச்செல்லும் பணியையும், வீட்டிற் கணினியில்லாதார்க்குக் கணினி வழங்கும் பணியையும் தொடர்ந்து செய்ய விதிவிலக்களிக்கப்பட்டது. ஏறத்தாழ யாவும் மூடப்படும்போது எதை மூடாது விடுகின்றோமோ அதுவே இன்றியமையாதது. 2020 மார்ச்சில் முற்றாக மூடப்பட்ட நூல்நிலையம், பத்து மாதத்தின் பின் இன்றியமையாப் பணிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டமை கருதத்தக்கது.

வாயிலில் நூல் வழங்கும் முறைக்கு ஒரு குறையுமுண்டு. இங்கிலாந்திலே 1894இல், கிளார்க்கன்வெல் நூல்நிலையத்தில் யேம்சு டவ் பிரவுன் என்பார், வாசகர் தாமே நூலடுக்கினை அணுகி நூல் தெரியும் திறந்த முறையைப் புகுத்தினார். அதற்குமுன் வாசகன் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக் கேட்க, பணியாளர் எடுத்துக் கொடுப்பதே வழக்கம். கொள்ளைநோய் நம்மை அப்பழைய முறைக்கே தள்ளிற்று. தேடிய நூல் கிடைக்கும். தேடாது எதிர்ப்படும் நூல் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எசு. ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், வாசகனுக்கு நூலைச் சேர்ப்பிப்பதோடு நூலுக்கு வாசகனைச் சேர்ப்பிப்பதையும் தனிக் கடமையாக வகுத்தார். இரண்டாவது கடமை திறந்த அடுக்கினாலேயே பெரிதும் நிறைவேறுவது. இதனை உணர்ந்த நூலகர் பலர், வாசகரின் விருப்பத்தைத் தொலைபேசியிற் கேட்டறிந்து, தாமே நூல்களைத் தெரிந்து பொதிசெய்து அனுப்பினர். அடுக்கு மூடியபோது நூலகரே அடுக்காக நின்றனர் எனலாம்.

பணியாளரும் வாசகரும்

வாசகர் அரைமணி நேரம் வந்துபோவர். பணியாளரோ நாள் முழுதும் அவ்வறையிலேயே இருப்பர். ஆதலின் இடரின் பெரும்பகுதி பணியாளர்க்கே உரியது. அவர்களை இரு பிரிவாக்கி மாறிமாறி வரச்செய்தல், ஒரு பிரிவினர் நோயுற்றாலும் பணி முற்றாக நின்றுவிடாதவாறு காக்கும். நோயுற்றவர் சம்பள இழப்பின்றி வீட்டில் இருக்க இடமளித்தல், எக்கிருமிநீக்கியினும் வலிய காவலாம். சம்பளத்துக்கு அஞ்சிக் காய்ச்சலோடு பணிக்கு வருபவர் ஒருவர் இருப்பின், ஏனைக் காவல்களெல்லாம் பயனற்றுப் போகும்.

நோய்த்தொடர்பை அறிதற்பொருட்டு வந்தோர் பெயரைப் பதியும் வழக்கம் எழுந்தபோது, நூல்நிலையத்தின் பழைய அறமொன்று சோதனைக்குள்ளாயிற்று. யார் எந்நூலைப் படித்தார் என்பது பிறர் அறியவேண்டாத செய்தி. வருகைப் பதிவு வேறு, நூற்பதிவு வேறு என இரண்டையும் பிரித்துவைத்து, வருகைப் பதிவைக் குறித்த நாளில் அழித்துவிடுதல் வேண்டும். இங்கிலாந்திலே 21 நாள் அதற்கு எல்லையாக வகுக்கப்பட்டது. நெருக்கடிக் காலத்திற் பெற்ற அதிகாரத்தை நெருக்கடி தீர்ந்தபின் கையளித்தல் நல்லாட்சியின் இலக்கணம்.

தண்டப்பணம் பற்றியும் ஒரு சொல். மூடிய காலத்திலே நூல்நிலையங்கள் பலவும் தாமதத் தண்டத்தை நிறுத்திவைத்தன. இதனை ஆராய்ந்த நியூ யோர்க், புறூக்கிளின், குயீன்சு நூல்நிலையங்கள் மூன்றும் 2021 ஒக்தோபர் 5 முதல் அதனை முற்றாகவே நீக்கிவிட்டன. ஏழைச் சிறுவரையே தண்டம் மிகுதியாக விலக்கிவைத்தது என்பதே அவை கூறிய காரணம். மீட்டல் என்பது முன்பிருந்த நிலைக்கே திரும்புதலன்று. முன்பிருந்த குறையைக் களைந்து திரும்புதலுமாகும்.

நமக்குரிய பாடம்

மேற்கூறிய பரிசோதனைகளெல்லாம் ஏறத்தாழ 22 பாகை வெப்பத்திலும் நூற்றுக்கு நாற்பது சாரீரப்பதனிலும் செய்யப்பட்டவை. வெப்பமும் வெயிலும் மிக்க இடத்தில் இவ்வைரசு விரைவில் நலியும் என்பது வேறு ஆராய்ச்சிகளாற் பெறப்பட்டது. எனவே, பிறநாட்டு எண்ணை அப்படியே பெயர்த்து நம் நூல்நிலையத்துக்கு விதியாக்குதல் பொருந்தாது. எண்ணை விடுத்து, அவ்வெண் பிறந்த காரணத்தைக் கொள்ளல் வேண்டும். உயர்ந்த கூரையும் எதிரெதிர் யன்னல்களும் விறாந்தையும் உடைய பழைய கட்டிடங்கள் நம்மிடையே உள. அவற்றின் யன்னல்களை நூலடுக்கினால் மறைத்து, மின்விசிறியை நம்பியிருப்பது நம் வழக்கம். மின்விசிறி உள்ளிருக்கும் காற்றைச் சுழற்றுமேயன்றிப் புதுக்காற்றைத் தராது. அவ்வடுக்கைச் சற்று நகர்த்தி யன்னலைத் திறத்தல் செலவற்ற சீர்திருத்தமாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் கொவிட்-19 தொடர்பான அவசர நிலையை நீக்கிற்று. ஆயினும் காற்றால் வரும் நோய் இதுவே இறுதியானதென எவரும் கூறார். அடுத்தமுறை நோய் வருங்கால், எதை மூடுவது என்பதோடு எதை எவ்வாறு மீளத் திறப்பது என்பதையும் முதல்நாளிலேயே எழுதிவைத்தல் வேண்டும். தெரியாதபோது எச்சரிக்கை; தெரிந்தபின் திருத்தம்; எப்பொழுதும் வலியற்றார்மேல் நாட்டம் என்னும் இம்மூன்றுமே அதற்கு அடிப்படையாகும். கதவை அடைத்தல் ஒரு கணத்திற் செய்துமுடிக்கும் செயல். அதனைத் தீங்கின்றித் திறத்தற்கே கல்வியும் பொறுமையும் வேண்டப்படுகின்றன. அக்கல்வியை வழங்குவது நூல்நிலையமேயாதலின், தன் கதவைத் திறக்கும் வழியைத் தானே கற்றுக்கொள்ளுதல் அதற்கு இயல்பாய கடமையாம்.